நெட் எந்த மடையில் அடைபடுகிறது? வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம்

மேலூர்ப் பக்கம் கடைமடை விவசாயி மதகு மதகாகப் போய்ப் பார்ப்பதில்லை. தன் வயலும் அடுத்த கிளைக்கால் வயலும் சேர்ந்து காய்கிறதா, தன்னுடையது மட்டும் காய்கிறதா என்று பார்த்தே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். நெட் கம்பெனியும் உள்ளே இருப்பதை நமக்குக் காட்டாது, அதனால் நாமும் கடைமடையிலிருந்துதான் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு 1996-இல் யெஹுதா வார்டி 'நெட்வொர்க் டோமோகிராஃபி' என்று பெயர் வைத்தார். சி.டி. ஸ்கேன் போல, அறுக்காமல் உள்ளே பார்ப்பது.

முதலில், தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை (விண்டோஸில் 'டிரேசர்ட்') ஓட்டுங்கள். நெட்டில் தகவல் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது; ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு, வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், எந்த ரவுட்டரிடம் பூஜ்யமாகிறதோ அது பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நமக்குத் தகவல் சொல்லும். 1, 2, 3 என்று வைத்து அனுப்பினால் வரிசையாக முகவரி கிடைத்துவிடும். இதையே திரும்பத் திரும்ப ஓட்டிக் கணக்கெடுக்கும் எம்டிஆர் மாதிரி கருவியில், நடுவில் ஒரு ரவுட்டர் 60% லாஸ் (பாக்கெட் தொலைவது) காட்டி, அதற்குப் பின்னால் எல்லாம் 0% என்றால் அது பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் கஸ்டமர் கேரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி அசடு வழிந்தவன் நான். கடைசி வரை தொடர்கிற லாஸ்தான் கணக்கு.

அப்புறம் நேரம். ஃபைபரில் 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப சுமார் 1 மில்லிசெகண்ட். மதுரையிலிருந்து சென்னை 450 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அதாவது 5-க்குப் பக்கத்தில் வர வேண்டும், சுற்றுவழி சேர்த்து 10 என்றாலும் சரி. அதிகாலையிலேயே 45 என்றால் பாக்கெட் வேறெங்கோ ஊர் சுற்றிவிட்டு வருகிறது. சராசரியைப் பார்க்காதீர்கள், நூறு பிங்கில் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) மிகக் குறைந்ததுதான் தூரத்தைச் சொல்லும், மற்றதெல்லாம் வரிசையில் நின்ற நேரம்.

எனக்குப் பிடித்தது இரண்டு வீட்டுக் கணக்கு. நான் திருநகர், மச்சான் ஒத்தக்கடை, இருவருக்கும் ஒரே கம்பெனி. வாடகை சர்வரிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக, ஒட்டி ஒட்டி, 1000 ஜோடி பாக்கெட் அனுப்புங்கள் (பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் கம்பெனி 'நாட்' (NAT) குறுக்கே நிற்கும், இணைப்பை வீட்டிலிருந்து தொடங்கினால் போதும்). ஒட்டிப் போவதால், இரண்டு வீட்டுக்கும் வழி பிரிகிற இடம் வரையுள்ள பொதுப்பாதையில் ஒரு ஜோடி சேர்ந்தே தாண்டும் அல்லது சேர்ந்தே தொலையும், அதன்பின் கிளைக்குக் கிளை தனித்தனி என்று கணக்கு. எனக்கு 810, அவனுக்கு 720, ஜோடியில் இரண்டுமே சேர்ந்தது 648 என்று வையுங்கள். 810-ஐ 720-ஆல் பெருக்கி 648-ஆல் வகுத்தால் 900. பொதுப்பாதையைத் தாண்டியது அவ்வளவு, 10% அங்கேயே போய்விட்டது. 900-இல் 810 வந்ததால் என் கிளையில் இன்னொரு 10%, அவன் கிளையில் 20%. உள்ளே ஒரு ரவுட்டரைக்கூடத் தொடவில்லை, பாருங்கள்!

இதை ராத்திரி 9 மணிக்கு ஒருமுறை, காலை 5 மணிக்கு ஒருமுறை செய்யுங்கள். பொதுப்பாதை லாஸ் ராத்திரி மட்டும் ஏறினால் அது நெரிசல், உங்கள் வீட்டு ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் போகாது. புகாரை மச்சானோடு சேர்ந்தே கொடுங்கள்.