பழைய பவர் டில்லர் இழுக்கவில்லையா? கியர் பாக்ஸை உடனே திறக்க வேண்டாம்

இன்ஜின் நன்றாக ஓடுகிறது, புகையும் சீராக வருகிறது. ஆனால் சேற்றில் இறக்கியதும் வண்டி நகர மறுக்கிறது. வி.எஸ்.டி. சக்தி 130 டி.ஐ. போன்ற 13 குதிரைத்திறன் டில்லர்கள் பல போகம் உழுத பிறகு இந்த நிலைக்கு வருவது வழக்கம். இதைப் பார்த்ததும் பலர் கியர் பாக்ஸைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சக்தி போகும் வழி இதுதான்: இன்ஜின் புல்லி, வி-பெல்ட், கிளட்ச் புல்லி, அதற்குள் இருக்கும் பல தட்டுக் கிளட்ச், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் கிளட்ச் (திருப்புவதற்காக ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் விடுவிப்பது), சக்கரம். குறையையும் இதே வரிசையில்தான் தேட வேண்டும்.

முதலில் சோதனை. வண்டியின் முன்பக்கத்தை உறுதியான மரத்தில் முட்ட நிறுத்துங்கள். பெல்ட் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் கைப்பிடியில் நிற்க, இன்னொருவர் 2 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். துண்டு, தொங்கும் வேட்டி இரண்டும் ஆகாது. முதல் கியரில், குறைந்த வேகத்தில், கிளட்சை மெல்லப் பிடிக்க விடுங்கள். சில விநாடிகள் போதும்.

இன்ஜின் புல்லி சுற்றி, கிளட்ச் புல்லி நின்றால் பெல்ட் வழுக்குகிறது. கிளட்ச் புல்லியும் சுற்றி, சக்கரம் மட்டும் நின்றால் கிளட்சிலோ அதற்குப் பின்னாலோ குறை. சக்கரம் மண்ணைப் பறித்தாலோ இன்ஜின் திணறி அணைந்தாலோ ஓட்டப் பாதை சரியாகவே இருக்கிறது.

இரண்டாவது நிலையில் இன்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளட்சைப் பிடிக்க விட்டு, இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஊன்றி, ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பாருங்கள். தேய்ந்த கிளட்ச்கூடக் கைவிசைக்கு அசையாது, அதனால் இரண்டு சக்கரமும் நகராவிட்டால் கிளட்சைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் தாராளமாகச் சுற்றினால் அந்தப் பக்கத்து ஸ்டியரிங் கிளட்ச் பிடிக்கவில்லை, அல்லது தண்டோடு பிணைக்கும் சாவி (இரும்புத் துண்டு) வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படியே சுற்றினால்தான் கியர் பாக்ஸின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

பெல்ட்

பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஒன்றரை முதல் 2 செ.மீ. வரை அமுங்க வேண்டும். அதற்கு மேல் அமுங்கினால் இன்ஜினின் அடிபோல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை முன்னால் நகர்த்தி இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கிளட்ச் புல்லியின் பேரிங் சீக்கிரம் போய்விடும். ஒரு பெல்ட் அறுந்தாலும் செட் முழுவதையும் மாற்றுங்கள். புதியது ஒன்றையும் பழையவற்றையும் சேர்த்துப் போட்டால் நீளாத புதிய பெல்ட்டே மொத்தப் பாரத்தையும் இழுத்து முதலில் கிழியும். எண் பழைய பெல்ட்டின் முதுகில் இருக்கும்.

புல்லியின் பள்ளத்தைப் பார்க்காமல் புது பெல்ட் வாங்குவது வீண் செலவு. வி-பெல்ட் பக்கச் சுவர்களில்தான் பிடிக்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தப் புல்லியில் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், புல்லியை மாற்றத்தான் வேண்டும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்து நேர்கோட்டையும் பாருங்கள். புது பெல்ட் முதல் 2, 3 மணி நேர ஓட்டத்திலேயே தளரும். மறுபடி இறுக்க மறக்காதீர்கள்.

கிளட்ச்

கழற்றும்போது ஒவ்வொரு தட்டையும் எடுக்கும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டும் மாறி மாறி வரும். இரும்புத் தட்டைக் கண்ணாடியின் மேல் வைத்து அழுத்துங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. நீலம் பாரித்திருந்தால் சூடு ஏறியது. இரண்டுக்கும் மாற்றுவதே வழி. ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி உயரம் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

தட்டில் எண்ணெய் ஏறியிருந்தால் பெட்ரோலில் கழுவிப் போடுவது பரவலான வழக்கம். அது நிற்காது. உள்ளே ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும். புதுத் தட்டுப் போட்டாலும், எண்ணெய் வந்த வழியான, கியர் பாக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் ஆயில் சீலை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றாவிட்டால் அதுவும் கெட்டுவிடும். கிளட்ச் வேலை என்றால் அந்த சீலும் சேர்ந்ததுதான்.

கியர் ஆயில் பால்போல் இருந்தால்

நஞ்சை நிலத்தில் ஓடும் டில்லருக்கு வரும் பெரிய கேடு இதுதான். வடிகால் போல்ட்டைத் திறந்ததும் பழுப்பு வெள்ளையாக ஆயில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பேரிங்கும் கியரும் துருப்பிடித்துக் குழி விழ அதிக நாள் ஆகாது.

எல்லோரும் சக்கரத் தண்டின் சீலைக் குறை சொல்வார்கள். கியர் பாக்ஸின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால், சூடான கியர் பாக்ஸ் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நல்ல சீலும் அதற்குத் தாங்காது. கம்பி விட்டுத் துளையைத் திறந்து வையுங்கள்.

சீல் மாற்ற, முன் ஸ்டாண்டிலும் கியர் பாக்ஸின் அடியில் மரக்கட்டையிலும் வண்டியை ஊன்றிய பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். வண்டி 400 கிலோ அளவில் இருக்கும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சீலின் முகத்தில் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் என்ற வரிசையில் மி.மீ. அளவு அச்சாகியிருக்கும். சேற்றுப் பக்கத்துக்கு இரட்டை உதடு சீலே நல்லது. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்க வேண்டும். உதடுகளுக்கு நடுவே கிரீஸ் வையுங்கள். பழைய சீல் ஓடிய இடத்தில் தண்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், இடம் இருக்கும் வரை புது சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள். அதே கோட்டில் உட்கார்ந்தால் முதல் நாளே கசியும்.

பேரிங் வாங்க எண் போதும். கடைசி இரு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை 5-ஆல் பெருக்க உள் விட்டம் வரும். 6206 என்றால் 30 மி.மீ. பேரிங்கை ஏற்றும்போது தண்டில் இறுகும் உள்வளையத்தில்தான் குழாய் வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் பள்ளம் பதிக்கும்.

மூடிய பிறகு டீசல் ஊற்றிச் சக்கரங்களைக் கையால் சுற்றி அலசி வடித்துவிட்டு, 90 கிரேடு கியர் ஆயிலை அளவுக் குறி வரை ஊற்றுங்கள். ஒரு நாள் ஓட்டிய பின் அதையும் வடியுங்கள். மூலையில் தங்கிய தண்ணீர் அப்போதுதான் வெளியேறும்.

கியர் தானாகக் கழன்றால்

பெரும்பாலும் தேய்ந்த ஃபோர்க்கோ (கியரை நகர்த்தும் கவை), கியரை அதன் இடத்தில் நிறுத்தும் குண்டின் களைத்த ஸ்பிரிங்கோதான் காரணம். ஷிஃப்ட் தண்டை இழுக்கும்போது குண்டு தெறித்து ஓடும். கீழே வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். கியர்ப் பல்லின் நுனி உருண்டிருந்தால் ஸ்பிரிங் மாற்றிப் பயனில்லை.

ஸ்டியரிங் லீவரில் சிறிதளவு வெற்றாட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். கம்பியை இறுக்கி வைத்தால் ஸ்டியரிங் கிளட்சின் நாய்ப்பற்கள் (ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்கள்) பாதியே கோத்து ஓடி மூலை உருண்டுவிடும். சரிசெய்த பின் சமதரையில் மட்டும் சோதியுங்கள். செங்குத்தான இறக்கத்தில் இடது லீவரைப் பிடித்தால் விடுபட்ட இடச் சக்கரம் வேகமாக உருண்டு, வண்டி வலப்பக்கம் திரும்பும்.