பூச்சி மாத்திரை போட்ட பிறகும் புழு வருகிறதா? நாய், பூனை வீடுகளில் நடக்கும் தவறுகள்

“போன மாசம்தான் பூச்சி மாத்திரை போட்டோம் டாக்டர், திரும்பவும் புழு வருது.” கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. மருந்து போலியோ என்றுதான் முதலில் சந்தேகம் எழும். பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது. நாள் தப்பியிருக்கும், எடை தப்பியிருக்கும், இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பது ஒரு புழு, கொடுத்தது வேறு புழுவுக்கான மருந்தாக இருக்கும்.

குட்டிக்குத் தாமதமாகத் தொடங்குவது

“45 நாளில் தடுப்பூசி போடும்போது பூச்சி மருந்தும் கேட்டுக்கொள்ளலாம்” என்று காத்திருப்பதுதான் குட்டிகளின் உயிருக்கே உலை வைக்கும் தவறு. தாய் நாயின் தசைகளில் உருளைப்புழுவின் இளம்புழுக்கள் உறங்கிக் கிடக்கும். சினையின் கடைசி வாரங்களில் அவை விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போய்விடும். குட்டி பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கிறது. மூன்று வாரம் ஆவதற்குள் அந்தப் புழுக்கள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வரும். அதனால் நாய்க்குட்டிக்கு முதல் மருந்து 15ஆம் நாளில். பிறகு 4, 6, 8ஆம் வாரங்களில். அதன்பின் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை.

பூனைக்குட்டிக்குக் கருவில் புழு போகாது, பாலில்தான் போகும். ஆகவே மூன்றாம் வாரத்தில் தொடங்கி, பால் மறக்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். அதன்பின் 6 மாதம் வரை மாதாமாதம்.

ஏன் இத்தனை முறை? குடற்புழு மருந்துகள் பெரும்பாலும் குடலில் இருக்கும் புழுவைத்தான் தாக்கும். ஈரல், நுரையீரல் வழியாகப் பயணத்தில் இருக்கும் இளம்புழுக்கள் அடுத்த வாரம் குடலுக்கு வந்து சேரும். ஒரே வேளை மருந்தோடு நிறுத்தினால் அவை நிம்மதியாக வளரும். தாயை விட்டுவிட்டுக் குட்டிகளுக்கு மட்டும் கொடுப்பதும் வீண். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும் தாய்க்கும் அதே நாட்களில் மருந்து வேண்டும். சினை நாய்க்கு மட்டும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் சினையின் 40ஆம் நாளிலிருந்து ஈன்ற 14ஆம் நாள் வரை தினமும் தரும் முறை உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

“எங்க குட்டி கொழுகொழுன்னு இருக்கு” என்று பலர் ஏமாறுவார்கள். விரலால் முதுகைத் தடவிப் பாருங்கள். வயிறு உருண்டையாக இருந்து, முதுகெலும்பும் விலாவும் துருத்திக்கொண்டு நின்றால் அது கொழுப்பு இல்லை, புழு வயிறு.

குத்துமதிப்பாக எடை போடுவது

நாய்களுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் 50 மி.கி., உருளைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கான பைரன்டெல் பமோயேட் 144 மி.கி., ஃபெபான்டெல் 150 மி.கி. இருக்கும். கணக்கு, 10 கிலோவுக்கு ஒரு மாத்திரை. 28 கிலோ லாப்ரடாருக்கு “ரெண்டு போதும்” என்று கொடுத்தால் புழு தப்பிக்கும். வீட்டு எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். குட்டியாக இருந்தால் சமையலறைத் தராசே போதும். வளரும் குட்டியின் எடை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் எடை பார்க்க வேண்டும்.

குட்டிகளுக்கான சிரப் பெரும்பாலும் கிலோவுக்கு 1 மி.லி. என்ற கணக்கில் வரும். லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்து அடியில் படியும், நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் முதல் குட்டிக்கு வெறும் தண்ணீரும் கடைசிக் குட்டிக்கு அடிவண்டலும்தான் போகும். பல சிரப்புகளில் நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் இருக்காது என்பதையும் கவனியுங்கள்.

நாய் மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பூனை மாத்திரையில் 4 கிலோவுக்குப் பிராசிகுவான்டெல் 20 மி.கி., பைரன்டெல் பமோயேட் 230 மி.கி. இருக்கும். கிலோக் கணக்கில் பார்த்தால் நாய்க்குத் தருவதைப்போல நான்கு மடங்கு பைரன்டெல். உடைத்த நாய்த் துண்டில் அது கிடைக்காது.

மனுஷ மாத்திரை, மாட்டு ஊசி, பூண்டு

மருந்துக்கடையில் மனிதருக்கான பூச்சி மாத்திரையான 400 மி.கி. அல்பென்டசோல் எளிதாகக் கிடைக்கிறது. நாய், பூனைகளில் அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்கள் உருவாவதைக் கெடுக்கக்கூடும்.

மாட்டுக்கான 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மி.லி.க்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. இதயப்புழு வராமல் தடுக்க 5 கிலோ நாய்க்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். கோலி (Collie) என்ற நாய் இனத்திலும் அதன் கலப்பிலும் மரபணுக் கோளாறு காரணமாக இந்த மருந்து மூளைக்குள் நுழைந்துவிடும். தள்ளாட்டம், எச்சில் வடிதல், வலிப்பு, மயக்கம், சாவு என்று முடியும். இத்தனைக்கும் நாடாப்புழுவுக்கு இது வேலையே செய்யாது.

பூண்டும் வெங்காயமும் நாய், பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கொக்கிப்புழுவால் ஏற்கெனவே ரத்தம் இழந்த குட்டிக்குப் பூண்டு அரைத்துப் புகட்டுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

புகட்டும் முறை

தலையை அண்ணாந்து பிடித்து சிரப்பைக் கடகடவென்று ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். தலையை நேராக வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையை உதட்டோரத்தில் கன்னப் பைக்குள் நுழைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். பூனைக்கு மாத்திரை கொடுத்ததும் சில மி.லி. தண்ணீர் புகட்டுங்கள், உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பிராசிகுவான்டெல் கசப்பு. பூனை அதைக் கடித்துவிட்டால் உடனே வாயில் நுரை தள்ளும். விஷமேறிவிட்டது என்று பயப்பட வேண்டாம், சில நிமிடங்களில் அடங்கும். நாய்க்குத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுத்தால், சாதத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையை மூலையில் துப்பியிருக்கிறதா என்று தட்டைச் சுற்றிப் பாருங்கள்.

தெள்ளுப்பூச்சியை மறப்பது

வாலடி மயிரில், படுக்கும் சாக்கில் வெள்ளரி விதை போல வெள்ளைத் துணுக்குகள். புதிதாக விழுந்தது சுருங்கி நீளும், காய்ந்தது அரிசிக் குருணை போல இருக்கும். இது நாடாப்புழுவின் துண்டு. இந்தப் புழு மலத்திலிருந்து நேராகத் தொற்றாது. அதன் முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் இளம்புழு தின்று, வளர்ந்த தெள்ளை நாய் கடித்து விழுங்கும்போதுதான் தொற்றும். மாத்திரை மட்டும் போட்டுத் தெள்ளை விட்டுவைத்தால் சுமார் மூன்று வாரத்தில் துணுக்குகள் மறுபடி தெரியும். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில் தெள்ளு மருந்து போட்டு, சாக்கையும் துணியையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிரே போகும்.

புட்டத்தைத் தரையில் தேய்த்து இழுத்தால் புழு என்றே பலர் முடிவு கட்டுகிறார்கள். ஆசனவாயின் இருபுறமும் உள்ள பைகள் நிரம்பி அடைத்திருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

கறிக்கடையில் தூக்கி எறியும் பச்சை ஈரல், நுரையீரலைப் போடுவது இன்னொரு ஆபத்து. அதில் உள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாய்க்கு வரும் சிறிய நாடாப்புழுவின் முட்டைகள், மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும். வேகவைத்துத்தான் போட வேண்டும்.

ரத்தத்தைப் பார்த்தும் காத்திருப்பது

கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.1 மி.லி. ரத்தத்தை வீணாக்கும். நூறு புழு இருந்தால் 10 மி.லி. ஒரு கிலோ குட்டியின் உடம்பில் மொத்தமே 80, 90 மி.லி. ரத்தம்தான். மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளுத்து, மலம் தார் போலக் கறுத்திருந்தால் வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்க நேரமில்லை. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். குட்டி வாந்தியெடுத்து, நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல் போனால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். “பூச்சிதான்” என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த நாளே அதன் கடைசி நாளாகிவிடும்.

மண்ணை விட்டுவிடுவது

உருளைப்புழு முட்டை மண்ணில் தொற்றும் பக்குவத்துக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பிறகு வருடக்கணக்கில் கிடக்கும். ஈரமும் சூடும் இருந்தால் கொக்கிப்புழு ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், வெறுங்காலின் தோலைத் துளைத்தும் ஏறும். தினமும் மலத்தை அள்ளிவிட்டால் இரண்டுமே பக்குவப்படுமுன் போய்விடும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் உருளைப்புழு முட்டையைக் கொல்லாது. சிமென்ட் தரையைச் சுரண்டிக் கழுவிக் கொதிநீர் ஊற்றுங்கள். பூனைகள் வந்து போகும் மணற்குவியலைக் குழந்தைகள் விளையாடாதபோது தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.

வளர்ந்த நாய், பூனைக்குக் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து வேண்டும். மருந்து போட்டும் புழு அடங்காவிட்டால், இரண்டு வாரம் கழித்து மலப் பரிசோதனை செய்யுங்கள். அன்று காலையில் போன மலத்தில் ஒரு டீஸ்பூன் அளவு, மண் ஒட்டாமல் மூடியுள்ள டப்பாவில். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும், மைக்ராஸ்கோப்பில் சரியாகத் தெரியாது. வாலடியில் பார்த்த வெள்ளைத் துணுக்கையும் ஒரு செல்லோடேப்பில் ஒட்டி எடுத்துப் போங்கள். நாடாப்புழு முட்டை பரிசோதனையில் பல நேரம் தப்பிவிடும், அந்தத் துணுக்கைப் பார்த்தால் மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும்.