பெயர் சொல்லி அழைக்கிறவரோடு பழகுவது எப்படி?

பத்து வருடம் ஜெபித்தும் கர்த்தர் எனக்கு ஒரு பெரிய அதிகாரி மாதிரிதான் இருந்தார். மனு கொடுப்பேன், திரும்பி வந்துவிடுவேன். அதை மாற்றியது வேதாகமத்தில் உள்ள சங்கீதம் 139. மொத்தம் 24 வசனங்கள். ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். நாளுக்கு ஒரு வசனம், வாய்விட்டு, இரண்டு தடவை. அப்புறம் "அறிந்திருக்கிறீர்" என்று வரும் இடத்தில் உங்கள் சங்கதியைச் சேருங்கள். முதல் நாள் நான் சொன்னது: "நேற்று இரவு தம்பியிடம் எரிந்து விழுந்தேன், அதையும் அறிந்திருக்கிறீர்." சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்ற நிம்மதியும் கூடவே வந்தது. அன்றே தம்பிக்குப் போன் போட்டேன்.

23-ஆம் வசனத்தில் அவசரம் வேண்டாம். "என்னை ஆராய்ந்து" பாரும் என்று நாமே கேட்கிற இடம் அது. நான் அங்கே ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

அடுத்து யோவான் சுவிசேஷம், 20-ஆம் அதிகாரம். கல்லறை வாசலில் அழுதுகொண்டிருந்த மகதலேனா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். "மரியாளே" என்று அவர் சொன்னது ஒரே வார்த்தை, ஆள் தெரிந்துவிட்டது. அங்கே உங்கள் பெயரை வைத்து வாசித்துப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், சரி, பரவாயில்லை.

உணர்வே வராத நாட்களும் உண்டு. அன்றைக்கும் அந்த ஒரு வசனத்தை விடாதீர்கள். சபையில் நம்பிக்கையான ஒருவரிடம், வாரம் ஒருமுறை, எதில் தடுமாறினீர்கள் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.