ரூட்டர் செட்டிங்ஸ் பக்கம் திறக்கவில்லையா? வரிசையாகச் சரிபார்க்கும் முறை

வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம் என்று பிரவுசரில் 192.168.1.1 அடித்தால், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் 'பக்கத்தை அடைய முடியவில்லை' என்று வரும். உடனே ரூட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முகவரி தவறாக இருக்கலாம், அல்லது உங்கள் போன் ரூட்டரைத் தொடாமல் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கலாம். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். ரீசெட் பொத்தானைக் கடைசி வரை தொடாதீர்கள்.

1. சரியான முகவரி எது?

எல்லா ரூட்டருக்கும் ஒரே முகவரி கிடையாது. டிபி-லிங்க், டி-லிங்க் மாடல்கள் பலவற்றில் 192.168.0.1, ஜியோஃபைபரில் 192.168.29.1, மைக்ரோடிக்கில் 192.168.88.1. இணைப்பு கொடுக்க வந்தவர் அதை மாற்றியும் வைத்திருக்கலாம். பட்டியலைத் தேடி ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பது வீண் வேலை. வைஃபையில் இணைந்திருக்கும் கருவியிலேயே விடை இருக்கிறது:

- ஆண்ட்ராய்டு: செட்டிங்ஸில் வைஃபை, இணைந்துள்ள பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறி. அதில் 'கேட்வே' என்ற வரி. சில போன்களில் இது 'அட்வான்ஸ்டு' பகுதிக்குள் இருக்கும்.
- ஐபோன்: வைஃபை பெயருக்குப் பக்கத்து 'ஐ' குறியைத் தொட்டால் 'ரூட்டர்' என்ற வரி.
- விண்டோஸ்: கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் அடித்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரி.

அங்கே தெரியும் எண்தான் நீங்கள் அடிக்க வேண்டிய முகவரி.

2. அடிக்கும் விதம்

எண் 1-க்குப் பதில் ஆங்கில 'எல்', பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்று அடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படி அடித்தால் கூகுள் தேடல் முடிவுகள்தான் வரும். எண் சரியாக இருந்தும் தேடலுக்கே போனால், முன்னால் 'எச்டிடிபி', ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு சேர்த்து அடியுங்கள். சில ரூட்டர்கள் 'எச்டிடிபிஎஸ்' மட்டுமே ஏற்கும். அதையும் முயன்று பாருங்கள்.

'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். ரூட்டர் தன் சான்றிதழில் தானே கையெழுத்திட்டிருக்கிறது, அது பிரவுசருக்குத் தெரியாது, அவ்வளவுதான். முகவரி உங்கள் கேட்வே எண்தான் என்று உறுதி செய்துகொண்டு 'அட்வான்ஸ்டு' வழியாக உள்ளே போகலாம். வேறு எந்தத் தளத்திலும் இப்படிச் செய்யாதீர்கள்.

3. மொபைல் டேட்டா, விபிஎன்

இன்டர்நெட் வராத நேரத்தில்தான் ரூட்டருக்குள் போக நினைக்கிறோம். ஆனால் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். உங்கள் கோரிக்கை டவர் வழியே போய்த் தொலையும். மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் (இணைப்பை வேறு சர்வர் வழியே திருப்பிவிடும் ஆப்) அணைத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். கெஸ்ட் வைஃபையில் இருந்தால் முதன்மை வைஃபைக்கு மாறுங்கள். கெஸ்ட் பக்கத்திலிருந்து செட்டிங்ஸுக்குள் பல ரூட்டர்கள் விடாது.

4. லேன் கேபிள்

இன்னும் திறக்கவில்லையா? லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, ரூட்டரின் லேன் துளையில் கேபிளைச் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் 'வான்' துளை (வெளியிலிருந்து இன்டர்நெட் வரும் துளை) வேண்டாம். இப்போது உங்கள் லேப்டாப்பின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி) 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் அதே எண் வந்தால் லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்ஸில் கையால் கொடுக்கலாம்: ரூட்டர் முகவரி 192.168.1.1 என்றால் ஐபி 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. வேலை முடிந்ததும் மறக்காமல் 'ஆட்டோமேட்டிக்' நிலைக்குத் திருப்புங்கள்.

5. வீட்டில் இரண்டு பெட்டிகளா?

ஃபைபர் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரூட்டர் ஒன்று என்றால், கேட்வே என்று தெரிவது நீங்கள் இணைந்திருக்கும் ரூட்டர் மட்டுமே. இரண்டுக்கும் 192.168.1.1 இருந்தால் இன்டர்நெட்டே தடுமாறும். ஃபைபர் பெட்டிக்குள் போக, கேபிளை நேராக அதில் செருகுங்கள். பிறகு உங்கள் ரூட்டரின் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிட்டால் மோதல் தீரும்.

6. பக்கம் திறக்கிறது, பாஸ்வேர்டு ஏற்கவில்லை

இங்கே கேட்பது வைஃபை பாஸ்வேர்டு அல்ல; தனி நிர்வாகப் பாஸ்வேர்டு. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் பெரும்பாலும் இருக்கும். பல முறை தவறாகப் போட்டால் சில ரூட்டர்கள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும், காத்திருந்து போடுங்கள்.

7. வேறு வழியே இல்லையென்றால் ரீசெட்

ரீசெட் செய்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, சேவை நிறுவனத்தோடு இணையத் தேவையான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாமே அழியும். அவை கையில் இல்லாவிட்டால் இன்டர்நெட் திரும்பாது. முதலில் சேவை நிறுவனத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுத்த ஃபைபர் பெட்டியை நீங்களாக ரீசெட் செய்யவே வேண்டாம்; அவர்களையே கூப்பிடுங்கள். சொந்த ரூட்டர் என்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறு துளையில் ஊசியை விட்டுச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்ததும், ஸ்டிக்கரில் உள்ள விவரங்களோடு உள்ளே போய், முதல் வேலையாக நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.