‘முந்நூறு வருஷத்துக் கட்டடம்’ என்று சொல்வதற்கு முன்

போன மாதம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு வழிகாட்டிப் பையன் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, மஞ்சள் சுவர் ஒன்றைக் காட்டி, “1674-ல பிரெஞ்சுக்காரங்க கட்டினது” என்றான். எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே ஊரில் அதே பொய்யைச் சொன்னவன்தான்.

ஆட்சியின் வயதும் சுவரின் வயதும் ஒன்றல்ல

1674-ல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தொடங்கினார் என்பது சரி. ஆனால் 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும், அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு லாலி கடலூரில் ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினக் கோட்டையைத் தகர்த்ததற்குப் பழி. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிய ஆளுநர் மாளிகையெல்லாம் அதில் போனதுதான். அவர் சரணடைவுக்குச் சில நாள் முன்னால் கண்ணை மூடிவிட்டார்.

ஊர் 1765-ல் திரும்பப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் மறுபடி கட்டத் தொடங்கினார். அப்புறமும் 1778, 1793 என்று இரண்டு தடவை பறிபோய், 1816-ல்தான் நிலையாகத் திரும்பியது.

இதெல்லாம் தெரியாமல், ஒரு வீட்டின் படத்துக்குக் கீழே ‘1690களில் கட்டியது’ என்று போட்டு, கைக்காசில் ஐந்நூறு கையேடு அச்சடித்தேன். முதல் பிரதியை வாங்கிய உள்ளூர்ப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: “எல்லாத்தையும் இடிச்சாங்களே தம்பி, இது மட்டும் எங்க ஒளிஞ்சிருந்தது?” ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அந்த வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் 1690 அப்படியே தெரிந்தது. முந்நூறு பிரதிகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இன்றைக்கும் யாராவது ‘முந்நூறு வருஷம்’ என்றால் பசை வாசனை வருகிறது. பத்திரமோ பழைய வரைபடமோ கையில் இல்லாவிட்டால் ஆண்டு சொல்லாதீர்கள். ‘பழைய வீடு’ என்றால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

நேர்த்தெரு எல்லாம் பிரெஞ்சு மூளை இல்லை

1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. கட்டம் போட்ட தெரு அமைப்புக்கு அவர்கள் வரைந்த திட்டமே அடிப்படை.

விடுதலை 1947-ல் இல்லை

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்கு அதிகாரம் மாறியது நவம்பர் 1, 1954. சட்டப்படி இணைந்தது ஆகஸ்ட் 16, 1962.

தரங்கம்பாடியை டேனிஷ்காரர் ‘பிடிக்கவில்லை’

1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டார்கள், வருஷாவருஷம் கப்பம் கட்டினார்கள், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.