பார்த்த முகத்தை நினைவிலிருந்து தீட்டுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

எதிரே ஆளை உட்கார வைத்து வரையும்போது சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதனாலேயே கண் எதையும் முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. பார்க்கிற வேலையை முதலில் முடித்துவிட்டு, பிறகுதான் வரைய வேண்டும் என்றாகிவிட்டால் பார்வை தானாகக் கூர்மையாகும். 19ஆம் நூற்றாண்டில் ஓராஸ் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஓவிய ஆசிரியர் பாரிசில் இதை ஒரு பாடமுறையாகவே நடத்தினார். சிற்பி ரோடின் அவருடைய மாணவர்.

இந்தப் பயிற்சியில் ஓவியம் அழகாக வர வேண்டியதில்லை. எதைப் பார்த்தோம், எதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டோம் என்று பிரித்துக் காட்டினால் போதும்.

தேவையானவை

ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் (தடிமனான) தாள் இரண்டு, எச்பி பென்சில் ஒன்று. கவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) அல்லது போஸ்டர் கலரில் நான்கே நிறங்கள்: வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம். அரை அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று, 4ஆம் எண் உருண்டைப் பிரஷ் ஒன்று. ரப்பரை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். எங்கே தவறினோம் என்பதற்கான தடயத்தை அது அழித்துவிடும்.

யாரை வரைவது?

மிகவும் நெருங்கியவர் வேண்டாம். வருடக்கணக்காகப் பார்த்த முகம் பல நாள் முகங்களின் கலவையாகத்தான் மனதில் இருக்கும். இன்று பார்த்ததைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. முன்பின் தெரியாதவரும் வேண்டாம், சரிபார்க்க மறுபடி கிடைக்க மாட்டார். ஓரளவு பழகிய, நாளைக்கும் அதே இடத்தில் உட்காரக்கூடிய ஒருவரே பொருத்தம். அவரிடம் சொல்லிவிட்டே பாருங்கள். போட்டோ வேண்டாம். தலையைச் சிறிது திருப்பினால் மூக்கின் ஓரம் கன்னத்தை எப்படி மறைக்கிறது என்பதைப் போட்டோ காட்டாது.

படி 1: மூன்று நிமிடம் பார்ப்பது

கையில் பென்சில் இருக்கக் கூடாது. முதல் நிமிடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம், தலை எந்தத் தோளை நோக்கிச் சாய்கிறது என்பது மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது நிமிடம் அளவுகளுக்கு. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து மோவாய் என்ற மூன்று பகுதிகளும் ஏறக்குறைய சமம் என்பது பொதுக் கணக்கு. எந்த முகமும் அந்தக் கணக்கில் அப்படியே உட்காராது. எந்தப் பகுதி கூடுகிறது, எது குறைகிறது என்பதில்தான் அந்த ஆளின் சாயல் இருக்கிறது. பார்த்ததை மனதுக்குள் வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். “கண் அழகாக இருக்கிறது” என்பது எதற்கும் உதவாது. “இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு கண்ணின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம்” என்றால் அதைத் தாளில் வைத்துவிடலாம். மூக்குகளைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் 10 வகையாகப் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார் லியோனார்டோ டா வின்சி. நேர், வளைவு, குழிவு, கூர் என்று பெயர் வைத்துப் பார்த்தது எளிதில் மறப்பதில்லை.

மூன்றாவது நிமிடம் கண்ணை மூடித் திறங்கள். பத்து விநாடி மூடிக்கொண்டு முகத்தின் ஓரக்கோட்டை விரலால் காற்றில் இழுங்கள், திறந்து ஒப்பிடுங்கள், மறுபடி மூடுங்கள். எந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ அங்கேதான் பார்வை போகவில்லை.

கண்ணாடி போட்டவராக இருந்தால் இதையும் கவனியுங்கள். கிட்டப்பார்வைக்கான லென்ஸ் வழியே தெரியும் கன்னத்தின் ஓரக்கோடு, வெளியே இருக்கும் கோட்டோடு சேராமல் உள்ளே தள்ளி உடைந்து தெரியும். பவர் கூடக்கூட உடைப்பும் கூடும். இதைப் பார்க்காமல் நேர்க்கோடாக இழுத்தால், கண்ணாடி முகத்தின் மேல் ஒட்டிய படம்போல் நிற்கும்.

படி 2: இடைவெளி

ஐந்து நிமிடம் வேறு அறைக்குப் போய்விடுங்கள். உடனே வரைந்தால் கண்ணில் இன்னும் ஒட்டியிருக்கும் பிம்பத்தை நகலெடுப்பீர்கள், நினைவுக்கு வேலையே இருக்காது.

படி 3: பென்சில் கோடு, 10 நிமிடம்

தலையின் உயரம் 7 செ.மீ. இருக்கட்டும். முதலில் சாய்வு, அடுத்து தலையின் வெளிவடிவம், பிறகு கண் வரி. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண் வரும். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் அதை மேலே ஏற்றிவிடுவார்கள், ஏனென்றால் முடிக்குள் இருக்கும் மண்டையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கண்ணில் இன்னொரு தவறும் நடக்கும். கருவிழியை முழு வட்டமாகப் போட்டால் ஆள் திடுக்கிட்டதுபோல் விழிப்பார். சாதாரணமாகப் பார்க்கும்போது மேலிமை கருவிழியின் மேல்விளிம்பை மறைத்திருக்கும். கீழிமை அதன் அடியைத் தொட்டபடி இருக்கும். எவ்வளவு மறைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இப்போது இந்தப் பயிற்சியிலேயே கடினமான விதி: நினைவில் இல்லாததை வரையாதீர்கள். காதின் வடிவம் ஞாபகம் இல்லையா, அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். கை சும்மா இருக்காது, எப்போதோ பழகிய ஒரு பொதுக் காதைப் போட்டுவிடும். பழகிய கை தன் முகத்தையே பிறர் முகத்திலும் வரைந்துவிடும் என்று லியோனார்டோ எச்சரித்திருக்கிறார். உங்கள் ஓவியத்தில் வரும் மோவாய் உங்களுடையதா என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: வண்ணம், 30 நிமிடம்

பிரஷ் தாளில் படுவதற்கு முன்பே மூன்று குவியல்கள் கலக்கி வையுங்கள். நடுத்தர நிறத்துக்கு சியென்னா இரண்டு பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, அந்தத் தோலின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளை. அதில் கொஞ்சம் எடுத்து மேலும் சியென்னாவும் துளி நீலமும் சேர்த்தால் நிழல். இன்னும் கொஞ்சம் எடுத்து ஓக்கரும் வெள்ளையும் சேர்த்தால் வெளிச்சம். வெள்ளையை மட்டும் சேர்த்தால் முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். முடிக்கு சியென்னாவும் நீலமும் சம பங்கு போதும், கருமை கிடைத்துவிடும்.

தட்டைப் பிரஷால் முதலில் நிழலை ஒரே துண்டாக வையுங்கள்: கண்குழி, மூக்கின் ஓரம், கழுத்து எல்லாம் சேர்ந்து. பிறகு நடுநிறம், கடைசியில் வெளிச்சம். கவாஷ் காய்ந்தால் வெளிர்நிறங்கள் கொஞ்சம் கருக்கும், அடர்நிறங்கள் கொஞ்சம் வெளுக்கும். எனவே ஓரமாக ஒரு துளி வைத்துக் காயவிட்டுப் பார்த்த பிறகே தீட்டுங்கள். வெறுமையாக விட்ட இடங்களைப் பூசி மறைக்க வேண்டாம்.

படி 5: சரிபார்ப்பது

மறுநாள் அதே ஆளை, அதே வெளிச்சத்தில் பாருங்கள். ஓவியத்தைத் திருத்தக் கூடாது. அதன் பின்பக்கத்தில் தேதி போட்டு, தவறிய இடங்களை ஒப்பீடாக எழுதுங்கள்: “மேலுதடு நான் போட்டதில் பாதிதான்”, “இடது புருவம் வலதைவிட உயரம்”. வெறுமையாக விட்ட இடங்களுக்கு மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது தாளில் முழு முகத்தையும் முதலிலிருந்து தீட்டுங்கள்.

ஒரே முகத்தை மூன்று முறைக்கு மேல் தீட்ட வேண்டாம். அதற்குமேல் போனால் ஆளை விட்டுவிட்டு முந்தைய ஓவியத்தைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள். அடுத்த ஆளுக்குப் போகும்போது ஐந்து நிமிட இடைவெளியை ஒரு மணி நேரமாக்குங்கள், அதற்கடுத்தவருக்கு ஒரு இரவு.