மரவள்ளி மாவில் பிளாஸ்டிக் தாள்: அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம்

பிளாஸ்டிக் என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அதைக் கச்சா எண்ணெயில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. செடிகளும் அப்படிப்பட்ட சங்கிலிகளை மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கின்றன. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசிக்காக விளைவிக்கும் மரவள்ளிக்கிழங்கில் அது ஏராளம்.

தேவை: மரவள்ளி மாவு (கிழங்கில் இருந்து பிரித்த மாவுச்சத்து) 10 கிராம், தண்ணீர் 60 மி.லி., வினிகர் 5 மி.லி., மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் 5 மி.லி.

1. கடை மாவு இருந்தால் அடுத்த படிக்குப் போய்விடலாம். ஆனால் ஒரு முறையாவது கிழங்கில் இருந்தே எடுத்துப் பாருங்கள். தோல் சீவித் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் பிழியுங்கள். மாவுப்பாலைச் சில மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல் நீரை இறுத்துவிடுங்கள். அடியில் படிந்த ஈர மாவை விரலால் அழுத்தினால் கெட்டியாக எதிர்க்கும், அள்ளினால் வழிந்தோடும். அதைக் காயவைத்துக்கொள்ளுங்கள். இறுத்த நீரில் சயனைடு கலந்திருக்கும், ஆடு மாடுகளுக்கு வைக்கவே கூடாது.

2. எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். சுடுதண்ணீர் என்றால் கட்டி தட்டும்.

3. சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். சுமார் 65–70 டிகிரி செல்சியஸில் மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி உடையும். வெண்மை மறைந்து, ஒளி ஊடுருவும் பிசுபிசுத்த கூழாகும். அப்போதே இறக்கிவிடுங்கள். வினிகர் மாவுச்சத்தில் உள்ள கிளைவிட்ட சங்கிலிகளை ஓரளவு உடைக்கிறது. கிளிசரின் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவை வழுக்கி நகர இடம் தருகிறது. தாள் வளைவது இதனால்தான். கிளிசரின் குறைந்தால் அப்பளமாக நொறுங்கும், கூடினால் கையில் ஒட்டும். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான்.

4. எண்ணெய் தடவிய தட்டில் ஒரே கனமாகப் பரப்பி, நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டு வெடிக்கும்.

சரி, இதில் மளிகைப் பை செய்ய முடியுமா? முடியாது, தண்ணீர் பட்டால் இளகிவிடும். அதனால்தான் பை தயாரிப்பவர்கள் மாவுச்சத்தோடு வேறு பாலிமர்களையும் (சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருட்களையும்) கலக்கிறார்கள். அவற்றில் சில பெட்ரோலியத்தில் இருந்து வருபவையே. ஆகவே ‘மக்கும் பை’ என்று அச்சடித்திருந்தால், மாவோடு எதைக் கலந்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

இளகும் குணம் தோட்டத்தில் நமக்கு உதவும். தாளைப் பட்டையாக வெட்டி, கீரை விதைகளை இடைவெளி விட்டு வைத்து மடித்து, பாத்தியில் மெல்ல மண் மூடித் தண்ணீர் தெளியுங்கள். தாள் கரைந்து மண்ணோடு போகும், விதைகள் வரிசை பிசகாமல் நிற்கும்.